சூடேறாத பேடு

1. பிரேக் சரியாகப் பிடித்தால்தான் அப்பாவின் பழைய காரில் ஏறுவேன் என்று, அவர் இறந்த பிறகு அம்மா சொன்னாள்.
2. முன்சக்கரங்களில் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் மாட்ட முடிவு செய்தேன். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேடுகளை, கம்பெனியின் விவரத்தாளைப் பார்த்து நானே தேர்ந்தெடுத்தேன். அதிக வெப்பம் தாங்குவதே சிறந்தது என்று நினைத்தேன்.
3. தாராவி ஒர்க்‌ஷாப்பில் மாட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அம்மா ஏறி உட்கார்ந்தாள்.
4. பழங்கள் நசுங்கின. தெருமுனையில் பிரேக்கை மிதித்தேன். கார் நிற்காமல் போய், நிறுத்தியிருந்த தள்ளுவண்டியில் இடித்தது.

யாருக்கும் அடியில்லை. அம்மா இறங்கினாள். எனக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. டயரில் ஒட்டியிருந்த எலுமிச்சைத் தோலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேடை மாட்டிய திருநெல்வேலிக்கார மெக்கானிக் அதைக் கழற்றி, அப்போதுதான் அதிலிருந்த எழுத்துகளைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, இது ரேஸ்காரன் போடுத பேடுல்லா? நல்லா சூடேறுனாத்தான் பிடிக்கும். நீ சயான் டிராஃபிக்ல ஊர்ந்து போற ஆளு. அங்க பேடா சூடாவும்? மண்டைதான் சூடாவும்."

"பேப்பர்ல இதுதான் பெஸ்ட்டுன்னு இருந்துச்சு, அண்ணாச்சி."

"வண்டி பேப்பர்லயா ஓடப் போவுது?"

எந்த வெப்பம் வரை தாங்கும் என்பதை மட்டும் ஒப்பிட்டிருந்தேன். சூடேறாதபோது எவ்வளவு பிடிக்கும் என்ற வரிசையும் அதே தாளில் இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை.

தினசரி ஓட்டத்துக்கான மென்மையான பேடுகளை மாட்டினோம். இப்போது மிதித்தால் கார் நிற்கிறது. அம்மா செம்பூரிலிருந்து மாட்டுங்கா கோயிலுக்கு இன்னும் பஸ்ஸில்தான் போகிறாள்.