உப்பு தெரியாத பிள்ளைகள்

இரண்டாம் உலக யுத்தம் முடியாத காலம். தூத்துக்குடியில் ஆசிரியைப் பயிற்சியின் கடைசி மாதத்தில் இருந்தேன். பகலெல்லாம் மாதிரிப் பள்ளியில் பாடம் நடத்துவது, ராத்திரி மண்ணெண்ணெய் தீரும்வரை பாடக்குறிப்பு எழுதுவது என்று உடம்பு சக்கையாகிவிட்டது. தேர்வுப் பாடத்தில் தவறினால் இன்னொரு வருஷம் இருக்க வேண்டும். அப்பா இல்லாத என் வீட்டுக்கு அது தாங்காது.

எனக்கும் என் அறைத் தோழிக்கும் விழுந்தது ஒரே பாடம், உப்பு விளைவது. அப்போது ஒரு முறை உண்டு. பாடத்தின் பெயரை ஆசிரியை சொல்லிவிடக் கூடாது. கேள்வி கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டும். தோழி முதலில் போனாள். "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று அவள் ஆரம்பித்ததுமே வகுப்பு மொத்தமும் "உப்பு!" என்று கத்திவிட்டது. எத்தனை பயிற்சி ஆசிரியைகளைப் பார்த்த பிள்ளைகள்! அடுத்தடுத்த கேள்விக்கும் பதில் பறந்து வந்தது. பாதி நேரத்திலேயே பாடம் தீர்ந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றவள் அங்கேயே அழுதுவிட்டாள். அவள் தேறவில்லை.

இரண்டு நாள் கழித்து அதே வகுப்பில் நான். பின்வரிசையில் மதிப்பெண் போட வந்த இன்ஸ்பெக்டர் அம்மாள். தொண்டை வேறு கட்டியிருந்தது.

"கஞ்சியில் எது இல்லாவிட்டால் வாயில் வைக்க முடியாது?" என்றேன்.

"கருவாடு டீச்சர்!"

"புளி!"

எனக்குப் பகீரென்றது. மன்றாடி உப்புக்கு இழுத்து வந்தேன். கடல் தண்ணீரை என்ன செய்தால் உப்பு வரும் என்றால், உப்பளத்தில் வேலை செய்பவரின் மகள் எழுந்து, "அடுப்புல வச்சிக் காய்ச்சணும் டீச்சர்" என்கிறாள்! கட்டிய தொண்டையோடு கரும்பலகையில் உப்புப் பாத்தி வரைந்து, வெயிலையும் காற்றையும் விளக்கினேன். மெல்ல மெல்லச் சரியான பதில்கள் வந்தன. மணியும் சரியாக அடித்தது. தவறான பதிலைப் பொறுமையாகத் திருத்திய விதம் அருமை என்றார் அம்மாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெளியே தண்ணீர்ப் பானையருகில் அந்த உப்பளத்துப் பெண் நின்றாள். "நிசமாவே ஒனக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும் டீச்சர். டக்குன்னு சொல்லிட்டா ஒங்களுக்குப் பாடம் முடிஞ்சிரும்லா. அன்னைக்கு அந்த டீச்சர் அழுதாவல்லா, எங்களுக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. அதான் தப்புத் தப்பாச் சொல்லணும்னு பேசி வச்சோம்."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இருந்த அசதியில் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடிக்கத்தான் முடிந்தது.

நான் தேறினேன். அதன்பின் எத்தனையோ வருஷம் வகுப்பெடுத்தும், ஒரு பிள்ளை தப்பாகப் பதில் சொன்னால் எனக்குச் சட்டென்று கோபம் வருவதில்லை. தெரியாமல் சொல்கிறதா, என் களைப்பைப் பார்த்துச் சொல்கிறதா என்று அதன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.