கதவை ஏமாற்றும் முகக்காரம்மா

மேலாளரின் முகத்தை மாட்டிக்கொண்டு, மோவாய்க்கடியில் அதன் ஓரத்தை விரலால் நீவிவிட்டு, கண்ணாடிக் கதவின் கேமராவுக்கு முன்னால் நின்றார் முகக்காரம்மா. பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. "ம்ஹும், தேறாது" என்று உதட்டைப் பிதுக்கினார். மேலாளரின் உதடும் சேர்ந்து பிதுங்கியது.

அவருக்குச் சம்பளமே இதற்குத்தான். முகம் பார்த்துத் திறக்கும் கதவுகளைச் செய்கிற நிறுவனத்தில், அந்தக் கதவுகளை முகமூடி போட்டு ஏமாற்றிப் பார்ப்பவர். அவரிடம் கதவு ஏமாந்த இடத்தையெல்லாம் பொறியாளர்கள் அடைப்பார்கள். அடைத்த மறுநாள் வேறொரு முகத்தோடு வந்து நிற்பார்.

இருபது வருடம் பல்செட் செய்யும் கூடத்தில் அச்செடுத்த கை. சிலிக்கோனை ஊற்றி, புருவ மயிரை ஊசியால் ஒவ்வொன்றாக நடுவார். சில கேமராக்கள் உடம்புச் சூட்டையும் பார்க்கும் என்பதால், முகமூடியை வெந்நீர்ப் பையின்மேல் பத்து நிமிடம் கிடத்துவார். "சும்மா மூஞ்சி இருந்தா போதாதுங்க, அதுல உசுரு தெரியணும்" என்பார். பேருந்தில் எதிரே இருப்பவரின் மூக்கை அவர் பார்க்கிற பார்வையில் பலர் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருநாள் தூங்கியெழுந்த கணவர், தன் கன்னத்தில் அச்சு மாவு ஒட்டியிருப்பதைக் கண்டு, "என்னை மட்டும் விட்டுடு தாயே" என்று கும்பிட்டாராம்.

மேலாளர் முகத்துக்குக் கதவு திறந்த பிறகு, பொறியாளர்கள் புதுச் சோதனை ஒன்றைச் சேர்த்தார்கள். கேமரா முன் நிற்பவர் சிரிக்க வேண்டும். இரண்டு கன்னமும் ஒன்றுபோல் அசையாவிட்டால் அது முகமூடி. முகக்காரம்மாவின் முப்பது முகங்களும் பிடிபட்டன. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். ஒரு மருத்துவமனைக்குக் கதவுகளை அனுப்ப முகக்காரம்மாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மறுநாள் காலை, கட்டடத்து எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தார். முகவாதம் வந்ததிலிருந்து அவருக்கு இடது கன்னம் அசையாது. "முகமூடி. அனுமதி இல்லை" என்றது கதவு. அதற்கு ஒயர் இழுத்தவரே அவர்தான். மூன்று தடவை சிரித்துப் பார்த்தார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள்.

"நான் நான்தான்னு இதுகிட்ட எப்படிம்மா சொல்றது?" என்று கேட்டார். முகக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. முந்தின நாள் தானும் கேக் தின்றிருந்தார்.

மேலாளர் படிவத்தை நீட்டினார். "ஒருத்தர்தானேம்மா, கார்டு ஒண்ணு குடுத்துடலாம்."

"ஆஸ்பத்திரியில எத்தனை பேருக்குக் குடுப்பீங்க?"

"உங்க முப்பது மூஞ்சியும் மாட்டிக்கிச்சே, இன்னும் என்ன?"

"முகமூடியை மனுஷன்னு சொல்றதும் தப்பு, மனுஷனை முகமூடின்னு சொல்றதும் தப்பு சார். ரெண்டாவது கொஞ்சம் பெரிய தப்பு."

கையெழுத்துப் போடவில்லை. மூன்று வாரம் அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொறியாளர்கள் முணுமுணுத்துக்கொண்டே சிரிப்பை எடுத்துவிட்டு, நாடி துடிக்கும்போது தோலுக்கடியில் ரத்தம் ஏறியிறங்கும் நிறத்தைப் பார்க்கக் கதவுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எலக்ட்ரீஷியனின் அசையாத கன்னத்திலும் ரத்தம் ஓடியது. சிலிக்கோனில் ஓடவில்லை.

இன்று காலை எலக்ட்ரீஷியனுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அவர் உள்ளே போகவில்லை. இரண்டடி பின்னால் வந்து, கதவு மூடியதும் மறுபடி போய் நின்றார். திறந்தது. இன்னொரு தடவை பின்னால் வந்தார். அவருக்குப் பின்னால் வரிசையில் முதலில் நின்ற மேலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காலை எடுத்து வைத்தார். முகக்காரம்மா மேலாளரை மறித்துக் கையைக் குறுக்கே நீட்டினார்.