கஞ்சாச் செடிக்குக் கட்டிய கலியாணப் பட்டி

அடுத்த நாள் புயல்காற்று என்று எச்சரிக்கை வந்தபோது, எங்கள் செடிகளில் மொட்டு முற்றியிருந்தது. அறுவடைக்கு ஒரு வாரம்தான். மெல்பேர்னுக்கு வெளியே, அரசாங்க லைசென்ஸுடன் மருத்துவக் கஞ்சா வளர்க்கும் பண்ணை அது. நான் அங்கே சூப்பர்வைசர். நாங்கள் குடியிருக்கும் நோபல் பார்க்கில் யாராவது கேட்டால் மூலிகைத் தோட்டத்தில் வேலை என்பேன். பொய்யில்லையே.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன்: காற்று பாதி எமன் என்றால், மழையில் நனைந்த மொட்டின் கனம் மீதி. கொப்பு முறியும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும். தண்ணீர் விடுவதை நிறுத்தினோம், செடிகளைத் தாங்கும் ட்ரெல்லிஸ் வலையை இறுக்கினோம். காற்று வரும் பக்கம் மறைக்கச் சாக்குத் துணியும், கொப்புகளைக் கட்ட மெத்தென்ற பட்டியும் கொண்டுவர வேண்டிய லொறி மட்டும் வரவில்லை. கயிற்றால் கட்டினால் தண்டை அறுத்துவிடும். போன வருடம் போல இந்த முறையும் விளைச்சல் போனால் பண்ணையை மூடுவதுதான் என்று முதலாளி கிரெக் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

அப்போதுதான் எங்கள் கராஜ் நினைவுக்கு வந்தது. என் கணவர் ரகு கலியாண மண்டபங்களை அலங்கரிப்பவர். கதிரைகளின் முதுகில் கட்டும் சிவப்பு சாட்டின் பட்டிகள் அங்கே பெட்டி பெட்டியாக இருந்தன. போன் எடுத்தேன்.

"சனிக்கிழமை கிளென் வேவர்லியில கலியாணம், தெரியும்தானே?" என்றார்.

"ஓம். வெள்ளிக்கிழமை தோய்ச்சு அயன் பண்ணித் தாறன்."

புறுபுறுத்துக்கொண்டே கேற் வரை கொண்டுவந்து தந்தார். இருட்டுவதற்குள் செடிக்குச் செடி கட்டி முடித்தோம். எல்லாம் மணப்பெண்கள் போல நின்றன.

காற்று அடித்தது அடிதான். மழை விட்டதும் ஒவ்வொரு செடியாகப் பிடித்து மெல்ல உலுக்கித் தண்ணீரை விழுத்தினோம். நாலைந்து கொப்புத்தான் முறிந்திருந்தது. கிரெக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் பட்டிகளை அவிழ்த்து, வலையால் செடிகளைத் தாங்கவிட்டு, பெட்டியோடு கேற்றுக்குப் போனேன். செக்யூரிட்டி மறித்தார். செடியின் பிசின் பட்ட எதுவும் வெளியே போகக்கூடாது, கழிவோடு சேர்த்து உள்ளேயே அழிக்க வேண்டும். புதியவர்களுக்கு இந்த விதியைப் படிப்பிப்பவளே நான்தான். ரகுவின் முகம் கண்முன்னே வந்தது. கலியாணத்துக்கு இரண்டு நாள்.

அந்த நேரம் பார்த்து லொறி வந்தது, பிரிக்காத சாக்குத் துணிச் சுருள்களோடு. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கிரெக்கிடம் கேட்டேன். இங்கே இறக்கவே வேண்டாம், நேரே வீட்டுக்குக் கொண்டு போ என்று சிரித்தார்.

"சாக்கோ?" என்றார் ரகு. பிறகு கத்தரிக்கோலைத் தேடி எடுத்தார். வெள்ளிக்கிழமை முழுக்கச் சாக்கைப் பட்டிகளாக வெட்டிக் கதிரைகளில் கட்டினோம், ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு செவ்வந்திப் பூ வைத்தோம்.

சனிக்கிழமை காலை மணப்பெண்ணின் அம்மா மண்டப வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, கதிரையெல்லாம் சாக்குக் கட்டியிருக்கிறியள்? இதென்ன வெங்காயக் கடையோ?"

ரகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பின்னால் வந்த மணப்பெண், "றஸ்ரிக், நாட்டுப்புற ஸ்டைல். ஐ லவ் இற், அம்மா" என்றாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது அம்மாவின் யோசனையாகவே மாறிவிட்டது.

பண்ணைக்குள் எதைக் கொண்டு போனாலும், அது திரும்பி வெளியே வருமா என்று முதலில் கேளுங்கள். நான் படித்த பாடம் அதுதான். ரகுவுக்கு இப்போது சாக்குக் கட்டச் சொல்லித்தான் ஓடர் வருகிறது. எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு அவர் சிரிக்காமல் பதில் சொல்கிறார்:

"மனிசியின்ர மூலிகைத் தோட்டத்தில."