வெயிலுக்குத் தெரியாதவர்

இதை எழுதலாமா என்று தயங்கியே சில வருடங்கள் போய்விட்டன. எட்டாவதோடு படிப்பை விட்டவள் கவிதையைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். பெருமாள் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்தவர். அவர் போய் ஒரு வருடம் ஆனபோது, நினைவு நாள் அட்டையில் போட எங்கள் மகள் நாலு வரி எழுதிக் கொடுத்தாள்.

அப்பாவின் சட்டை கொடியில் கிடக்கிறது
இன்னும் ஈரமாக.
வெயிலுக்கு
அப்பாவைத் தெரியாது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அச்சுக்குக் கொண்டுபோக வந்த கொழுந்தனார் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏட்டி, வெயிலுக்கு எங்கண்ணனத் தெரியாதாக்கும்? ரெண்டு பேருக்கும் ஏதும் சண்டையா?"

"அப்படியே இருக்கட்டும் சித்தப்பா. ஒரு எழுத்து மாத்தக் கூடாது."

"சரி தாயி, உன் இஷ்டம்."

ஸ்ரீவில்லிபுத்தூர் அச்சகத்திலிருந்து அட்டைக் கட்டு வந்தது. கடைசி இரண்டு வரிகள் இல்லை. அந்த இடத்தில் 'குலதெய்வமாய் நின்று எங்களைக் காப்பாய்' என்று இருந்தது.

"நாலு பேரு வாசிக்கது மதினி. புரிய வேண்டாமா?" என்றார் கொழுந்தனார். அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவர். கெட்ட எண்ணம் கிடையாது.

மகள் வாசித்தாள். "இதுல எங்கப்பா இல்லையேம்மா" என்றாள். அதோடு சரி. பிறகு அவள் எழுதி நான் பார்க்கவில்லை. மதுரைக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். நல்ல வெயில். இந்நேரம் அவர் தூங்குவாரே என்று, பழைய பழக்கத்தில் காலடிச் சத்தத்தை அடக்கி நடந்தேன். அப்போதுதான் உறைத்தது. அவருக்கு எப்போதும் நைட் ஷிப்ட்தான். வந்ததும் சன்னலுக்குப் போர்வையைக் கட்டிவிட்டுப் படுப்பார். பொழுது சாய்ந்து எழுந்திருப்பார். வெயில் அவரை எங்கே பார்த்தது? கொடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கோயிலில் பாசுரம் கேட்கும்போது எல்லாச் சொல்லுக்குமா எனக்குப் பொருள் தெரிகிறது? தெரிகிறபோது தெரியட்டும் என்று கைகூப்பி நிற்கிறேன். என் பிள்ளையின் நாலு வரிக்கு அந்தப் பொறுமை யாருக்கும் இல்லாமல் போயிற்று.

அன்றைக்கே போன் போட்டு மகளிடம் சொன்னேன்.

"அட்டை எல்லார் வீட்டுக்கும் போயிருச்சேம்மா" என்று வைத்துவிட்டாள்.

சட்டை ஏன் இன்னும் ஈரம் என்று கேட்க வாய் வரவில்லை. அது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதை யாருக்காவது அனுப்புகிறவர்கள் அந்த நாலு வரியை இங்கே இருக்கிறபடியே அனுப்புங்கள். புரியவில்லை என்று எதையும் எடுத்துவிட வேண்டாம். அவர் அதில்தான் இருக்கிறார்.