ஐம்பத்தேழு பாட்டுகளில் ஒரு கீச்சு

திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு வானொலி நிலையத்தின் இசைத்தட்டு அறையில் போன் அடித்தது. அந்த நேரத்தில் அங்கே கூப்பிடுகிறவர் ஒரே ஆள்தான், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பன்னிரண்டரை மணி நிகழ்ச்சியை ஒரு நாள் விடாமல் கேட்டுவிட்டு, முடிந்த கையோடு போனை எடுத்துவிடுவார்.

"அக்கா, பாட்டெல்லாம் அருமை. ஆனா ரெண்டாவது பாட்டுக்குள்ள கீச்சுன்னு ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருந்துதே? காதுக்குள்ள கொசு புகுந்த மாதிரி?"

"அப்படியா? பாக்கறேங்க," என்று சொல்லி வைத்தாள் அவள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டாவது பாட்டைப் போட்டாள். கீச்சு இல்லை. சத்தத்தைக் கூட்டினாள். கிட்டார் காதைப் பிய்த்தது, டிரம்ஸ் நெஞ்சில் இடித்தது, பாடகன் தொண்டை கிழியக் கத்தினான். கொசுவை மட்டும் காணோம். வழியில் போன வரவேற்பறைப் பெண்ணைக் கூப்பிட்டு, ஹெட்போனை அவள் தலையில் வைத்தாள்.

"ஐயோ!" என்று அந்தப் பெண் அதைப் பிடுங்கி எறியாத குறையாகக் கழற்றினாள். "என்னக்கா இது, பல்லு கூசுது!"

அவள் ஹெட்போனை வாங்கி மறுபடி தன் காதில் வைத்துப் பார்த்தாள்.

நிலையத்தில் எல்லோருக்கும் அவள் லைப்ரரி அக்கா. ஐம்பத்திரண்டு வயதில் இருபத்தாறு வருடம் அந்த அறையில் போயிருந்தது. வேலை என்னவோ தட்டுகளை அடுக்குவதும் எடுத்துக் கொடுப்பதும்தான். ஆனால் அந்த அரைமணி நேர நிகழ்ச்சி அவளுடையது. பழைய ராக் இசைக்குழு ஒவ்வொன்றுக்கும் ஊருக்கெல்லாம் தெரிந்த பாட்டு ஒன்றோ இரண்டோ இருக்கும். எல்லா நிலையங்களும் அதையே காலையிலும் மாலையிலும் தேய்த்துக்கொண்டிருக்கும். அதே தட்டைத் திருப்பிப் போட்டால் மூன்றாவதாக ஒரு பாட்டு இருக்கும். அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். குரல் வருவதற்கே ஒன்றரை நிமிடம் ஆகும், விளம்பரத்துக்கு நடுவே அடங்காது, அல்லது குழுவே சண்டை போட்டுப் பிரிந்துவிட்ட மாதத்தில் வெளிவந்திருக்கும். அப்படிக் கண்டுகொள்ளாமல் விடப்பட்டவற்றைத் தேடிப் பொறுக்கி, தினமும் ஆறு பாட்டு எழுதிக் கொடுப்பாள். அறிவிப்பாளர் அதைப் படிப்பார். கேட்கிற கூட்டம் சின்னதுதான். ஆனால் அந்தக் கண்ணாடிக் கடைக்காரரைப் போல விடாக்கண்டர்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் மேனேஜர், தட்டுகளையெல்லாம் விற்றுவிடப் போவதாகச் சொன்னார். பிரபலமான பாட்டுகள் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்தன. அவளுடைய பாட்டுகள் விலைக்குக் கிடைக்கும் எந்தத் தொகுப்பிலும் இல்லை. "உங்களுக்கு வேணும்கிறதை மட்டும் நீங்களே ஏத்திக்குங்க," என்றார். அவள் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஏற்றினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள்; அதன் அடியில் 'கேட்டுச் சரிபார்த்தேன்' என்று அவள் கையெழுத்து. போன வெள்ளி வரை நிகழ்ச்சி தட்டிலிருந்துதான் போனது. கம்ப்யூட்டரிலிருந்து போனது இந்தத் திங்களன்றுதான் முதல் தடவை. வருகிற வெள்ளிக்கிழமை வியாபாரி வண்டியோடு வருகிறார்.

ஆக, நாலு நாள் இருந்தது. எத்தனை பாட்டில் அந்தக் கீச்சு ஏறியிருக்கிறது என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய காதோ அவளிடம் இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவளுக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. இரண்டு மாதத்துக்கு முன் வாஷிங் மெஷின் முடிந்ததும் அடிக்கும் மணி அடிப்பதில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவன் திறந்து பார்த்துவிட்டு, "மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம்," என்று ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். திருட்டுப்பயல், வேலை தெரியாதவன் என்று அன்றைக்கு அவனைத் திட்டித் தீர்த்தாள். இன்றைக்கு அவன் முகத்தை நினைத்ததும் ஜன்னலோரம் இன்னும் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் கணவர் இருந்தார், ஆனால் அவரிடம் சொன்னால் அடுத்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்பார். அவள் போய் நின்றது அடுத்த தெருவில் இருந்த நாத்தனார் வீட்டில். கணவரின் தங்கை அவள். பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டிலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டே, கடைசி பெஞ்சில் சூயிங்கம் மெல்லுவது யார் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற காது அவளுக்கு. ராக் பாட்டு என்றால் வேப்பங்காய்.

அவள் பென் டிரைவில் கொண்டுவந்த பாட்டை லேப்டாப்பில் போட்டதும், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் நிமிர்ந்தாள்.

"அண்ணி, இது பாட்டா, இல்ல யாரையாவது சித்திரவதை பண்றாங்களா?"

"பாட்டை விடு. கீச்சுன்னு ஏதாவது கேக்குதா?"

"கேக்குதாவா? அதுதான் பெருசாக் கேக்குது." டீச்சர் பேனாவை மூடினாள். "உங்களுக்குக் கேக்கலியா?"

அவள் பாட்டை நிறுத்தினாள். டீச்சர் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிய வேண்டாம். வெள்ளிக்கிழமை வரைக்குமாவது."

டீச்சர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஒன்றிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு வரை எண் போட்டாள். திங்கள் மாலையும் செவ்வாய் மாலையும் டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பரீட்சை நடந்தது. பாட்டுக்கு ஒரு நிமிடம். நல்லதுக்குச் சிவப்பில் டிக், கீச்சுக்குப் பெருக்கல் குறி. அகர வரிசையில் போனதால் நாலு டிக், ஒரு பெருக்கல், மறுபடி ஆறு டிக் என்று தலையும் வாலும் இல்லாமல் வந்தது. ஒரு நிமிடம் என்று ஆரம்பித்த டீச்சர், செவ்வாயன்று சில பாட்டுகளை நிறுத்தாமல் விட்டுவிட்டாள். லைப்ரரி அக்கா 'பாலம் பாட்டு' என்று பெயர் வைத்திருந்த ஒன்பது நிமிடப் பாட்டில் கீச்சு இருந்தது. பெருக்கல் குறி போட்ட பிறகும் அது முழுக்க ஓடியது. ஒருவன் பாலத்தைக் கடந்து போகிறான். சொற்கள் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். மிச்ச ஆறு நிமிடமும் கிட்டாரும் டிரம்ஸும்தான். கடைசியில் எல்லாம் ஓய்ந்த பிறகு டிரம்ஸோடு இருக்கும் பித்தளைத் தட்டின் ஓசை மட்டும் சன்னமாக அடங்கிக்கொண்டே வரும்.

"இவ்வளவு நேரம் நடக்கிறானே, பாலம் என்ன நீளம்?" என்றாள் டீச்சர். அதற்கு மேல் கேலி பண்ணவில்லை.

தொண்ணூற்றி நாலாவது பாட்டில் டீச்சர் காதைப் பொத்திக்கொண்டாள். "அண்ணி, இனிமே என்னை நம்பாதீங்க. பாட்டை நிறுத்தினாலும் எனக்குக் கீச்சுக் கேக்குது. எல்லாத்துக்கும் பெருக்கல் போட்டுருவேன் போல இருக்கு."

அன்றிரவு லைப்ரரி அக்காவுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பாட்டு போகும். கீச்சுடன் எதையும் ஒலிபரப்ப மாட்டார்கள். அழித்துவிட்டு நிகழ்ச்சியையே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் அந்தப் பாட்டுகளை இந்த ஊர்க் காற்றில் யார் போடப் போகிறார்கள்?

புதன்கிழமை காலை தொழில்நுட்ப அறை வாசலில் மூன்று தடவை போய் நின்று மூன்று தடவை திரும்பினாள். நாலாவது தடவை உள்ளேயிருந்தவரே கூப்பிட்டார். எப்போதும் கழுத்தில் வயர் சுருளோடு திரிவதால் அவருக்கு வயர் என்றே பெயர்.

"என்னக்கா, ரோந்து சுத்தறீங்க?"

அவள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். காதைப் பற்றிய பகுதியைக் கடைசியில் மென்று விழுங்கிச் சொன்னாள். வயர் ஒரு பாட்டின் ஒலியைப் படமாகத் திரையில் விரித்தார். கீழே அலை அலையாக நிறம் அசைந்தது. மேலே, தனியாக, அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு மெல்லிய நேர்கோடு.

"இதோ, இதுதான் உங்க கொசு."

"கண்ணுக்குத் தெரியுமா இது?" அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு நாளாக டீச்சரின் காதைப் படுத்தியெடுத்தது நினைவுக்கு வந்தது.

வயர் பாட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கினார். கோடு இருந்தவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஐம்பத்தேழு. ஆறு வாரத்து வேலை. முதல் தேதியைப் பார்த்ததும் அவர் முகம் பேயறைந்தது போல ஆனது.

"அக்கா, அந்தத் தேதிலதான் நீங்க பாட்டு ஏத்தற மெஷினுக்கு அடாப்டர் மாத்தினேன். கையில கிடைச்சது ஒரு மட்டமான அடாப்டர், அது போட்ட சத்தந்தான் இது. அப்புறம் சூடாகுதுன்னு நானே கழட்டிட்டேன்." கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "மேனேஜருக்குத் தெரிய வேண்டாமே. ஏழு மணி நேரம் இருந்தாப் போதும், சத்தம் போடாம திரும்ப ஏத்திரலாம்."

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. இருவரும் தாளை வைத்துக்கொண்டு தட்டுகளை எடுக்கப் போனார்கள். ஐம்பத்து மூன்று பாட்டுக்குத் தட்டு இருந்தது. மிச்ச நாலுக்கு இல்லை. அலமாரியின் கோடியில் ஒரு பெட்டி அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. போன வாரம் மாதிரி பார்க்கவென்று வியாபாரி ஒரு பெட்டியை எடுத்துப் போயிருந்தார். பாலம் பாட்டு அதில்.

அந்தப் பெட்டியைத் திருப்பிக் கேட்க மேனேஜரால்தான் முடியும்.

"நான் போய்ச் சொல்லிடறேன். உங்க பேரை எடுக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் மாடிப்படி ஏறினாள்.

மேனேஜர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சொல்லுங்க."

"சார், எனக்குக் காது சரியாக் கேக்கல. அது தெரியாமலே இருநூத்திப் பன்னெண்டு கையெழுத்து போட்டுட்டேன்."

இப்போது தூக்கினார். அவள் மிச்சத்தையும் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் கதவு திறந்தது. "அடாப்டர் மாத்தினது நான் சார்," என்றது வயரின் குரல். கழுத்தில் வயர் இல்லை. எங்கோ கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்.

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னும் யாராவது வெளியில நிக்கறாங்களா? எல்லாரையும் ஒண்ணா வரச் சொல்லுங்க. தலையில கல்லப் போடறதை ஒரே தடவையாப் போட்டுடுங்க."

திட்டினார், நன்றாகவே திட்டினார். பிறகு வியாபாரிக்குப் போன் போட்டார். பெட்டியை உடனே அனுப்புவதாகவும், ஆனால் அதில் இரண்டு தட்டை ஞாயிற்றுக்கிழமையே ஒரு வெளியூர்க்காரர் வாங்கிப் போய்விட்டதாகவும் பதில் வந்தது. எந்த இரண்டு என்று கேட்கச் சொன்னாள். ஒன்றில் அவளுக்குத் தேவையானது எதுவும் இல்லை. இன்னொன்று பாலம் பாட்டுத் தட்டு.

"இனிமே சரிபார்த்த கையெழுத்து இவரோடது," என்று வயரைக் காட்டினார் மேனேஜர். "பாட்டு எடுத்துக் கொடுக்கறது இப்போதைக்கு நீங்க. காதைக் காட்டிட்டு ரிப்போர்ட்டைக் கொண்டாங்க. மத்தது அதைப் பாத்துட்டு."

'இப்போதைக்கு' என்ற அந்தச் சொல் அவள் கூடவே படியிறங்கி வந்தது.

புதன் மாலையும் வியாழன் முழுக்கவும் ஏற்றினார்கள். பள்ளி விட்டதும் டீச்சர் நேரே நிலையத்துக்கு வந்தாள். தன் காதுக்கு வேலை கொடுத்தவர்களை மேற்பார்வை பார்க்க வந்ததாகச் சொன்னாள். தட்டில்லாத பாலம் பாட்டிலிருந்து வயர் அந்தக் கோட்டைத் திரையில் மெல்ல அழித்தெடுத்து, மூன்று பேரும் கேட்கும்படி ஓடவிட்டார்.

"கீச்சு போச்சு," என்றாள் டீச்சர். "ஆனா சளி பிடிச்ச மாதிரி இருக்கு." கடைசி நிமிடம் வந்ததும் நெற்றியைச் சுருக்கினாள். "அந்தப் பித்தளைத் தட்டு அடங்குமே அண்ணி, அது எங்க?"

"வருதே," என்றாள் அவள்.

"இல்ல அண்ணி. வரல."

வயர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்று முணுமுணுத்தார். கோட்டோடு சேர்ந்து அதுவும் போயிருந்தது. அவளுக்கு மட்டும் அது கேட்டது. இருபத்தாறு வருடமாகக் கேட்டது, இப்போது காதில் கேட்டதா மனதில் கேட்டதா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எத்தனை நாளாக இப்படி? இந்த வருடம் அவள் பொறுக்கியெடுத்த பாட்டுகளில் எத்தனையை உண்மையில் கேட்டாள்?

வெள்ளிக்கிழமை தட்டுகள் வண்டியேறின. அடுத்த வாரம் டீச்சர் அவளைக் காது பரிசோதனைக்குக் கூட்டிப் போனாள். கண்ணாடி வைத்த சின்ன அறை, ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் கேட்டது, அழுத்தினாள். அப்புறம் வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. நேரம் போகப் போக அவள் கண்ணாடி வழியே பார்க்கத் தொடங்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதிக்கும் பெண்ணின் தோள் அசையும்போதெல்லாம் அவள் ஒரு தடவை அழுத்தினாள்.

கதவைத் திறந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "அம்மா, நான் இப்ப பேனா எடுத்தேன். சத்தம் எதுவும் போடலியே."

பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட மாதிரி அவளுக்கு முகம் சிவந்தது. வெளியே உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர் சிரித்துவிட்டாள். அவளும் சிரித்தாள். சிரிப்பு நிற்பதற்குள் அழுகை வந்துவிட்டது. "இருங்கம்மா, அவசரமில்ல. கேக்கறதுக்கு மட்டும் அழுத்துங்க," என்று அந்தப் பெண் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினாள்.

உச்ச ஒலிகள் இரண்டு காதிலும் போய்விட்டன; போனது திரும்பாது; கருவி வைத்தால் பேச்சு தெளிவாகும், இசைக்குப் பழகக் காலமாகும் என்று ரிப்போர்ட் சொன்னது. அன்றைக்கே கணவரிடம் சொன்னாள். அவர் கோபித்துக்கொண்டது காதுக்காக அல்ல, தங்கைக்கு முதலில் சொன்னதற்காக. மேனேஜர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்து மேசை இழுப்பறையில் போட்டார். "அடுத்த மாசப் பாட்டு லிஸ்ட்டு எப்பத் தருவீங்க?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது என்று அவள் ஒரு வாரம் யோசித்தாள்.

லிஸ்ட் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பாலம் பாட்டு சளி பிடித்த குரலிலேயே ஒரு செவ்வாய்க்கிழமை ஒலிபரப்பானது. பன்னிரண்டரை அடித்தால் இன்னும் அவளுக்குப் படபடப்புத்தான். கருவி வைத்த முதல் நாள், கிட்டார் தகரத்தில் ஆணி கீறுவது போல வந்ததில் பயந்து பாதி நிமிடத்தில் கழற்றிவிட்டாள். மறுநாள் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தாள். இப்போதைக்கு நாலு நிமிடம் வரை தாங்குகிறது.