ஆற்று மணலில் நிற்காத எழுத்து

எனக்குப் பிறந்த மூன்றில் தங்கியது பேச்சி ஒருத்திதான். அவளையும் ஆறு கொண்டுபோகப் பார்த்தது. குற்றாலநாதர் தடுத்தார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத்துப் பழக்கம் குறைவு. அடியார்கள் பொறுத்துக்கொள்ளவும்.

யுத்தம் தொடங்கிய வருஷம், ஐப்பசி மாசம். எங்கள் ஊர் தென்காசிக்குக் கிழக்கே, சிற்றாற்றங்கரையில். பள்ளிக்கூடம் அக்கரையில். பேச்சி பாலம் தாண்டிப் போய்வருவாள். படிப்பு ஏறவில்லை. அந்த வருஷமும் தவறினால் படிப்பை நிறுத்திவிடச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்.

அவளைப் போல் பின்தங்கிய பிள்ளைகளைச் சிதம்பரம் வாத்தியார் பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஆற்றுக்குக் கூட்டிப்போவார். ஆறு வடிந்த நாளில் மணல்திட்டில் உட்காரவைத்து விரலால் எழுதச் சொல்வார். தப்பினால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம்.

பக்கத்து வயல் மாடசாமி அண்ணாச்சி சிரிப்பார். "பலகையில ஏறாதது மணல்லயா ஏறப் போவுது? களை பறிக்க அனுப்புலே."

"போயிட்டு வரட்டும் அண்ணாச்சி" என்பேன்.

வெள்ளம் வந்த அன்று காலையில் எங்கள் குளம் நிறைந்து கரை கசிந்தது. உடைந்தால் ஊர் போய்விடும். அணைக்கட்டில் வாய்க்கால் மடையைப் பலகை போட்டு அடைத்தோம். வழக்கமாக மலைத்தண்ணீரில் பாதியை வாய்க்கால் குளத்துக்கு இழுத்துக்கொள்ளும். ஆறு மெதுவாகத்தான் ஏறும். வாத்தியார் அந்தக் கணக்கில்தான் பிள்ளைகளை இறக்குவார். மடை அடைத்துவிட்டதால் இனி அத்தனை தண்ணீரும் ஆற்றில்தான் வரும். அந்தச் சேதி அக்கரைக்குப் போகவில்லை.

சாயங்காலம் ஊரில் வெயில் அடித்தது. மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. குருவி சத்தம்கூட இல்லை. நான் மடைக் காவலில் நின்றேன். தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது. சருகு வந்தது. பிறகு வேரோடு ஒரு மரம் வந்தது.

ஓடினேன்.

மணல்திட்டு அக்கரை ஓரத்தில். இடையில் ஆறு. பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டே வாய்பாடு கத்தினார்கள். கூப்பிட்டேன். காற்று எதிரே அடித்தது. யாரும் நிமிரவில்லை. இறங்கினேன். தண்ணீர் காலை வாரியது. தாழம்வேரைப் பிடித்துக் கரையேறினேன். மறுபடி இறங்கினால் நான் போவேன். அவள் அங்கேயே இருப்பாள்.

மேற்கே இரைச்சல் கேட்டது. கண்ணை மூடிக் கை கூப்பினேன். "அப்பனே, தண்ணியும் உம்முது. பிள்ளையும் உம்முது. பிரிச்சு வையும்" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

கண்ணைத் திறந்தேன். வாத்தியார் எழுந்து நின்றார். பிள்ளைகளைக் கரைப்பக்கம் தள்ளினார். ஒன்றிரண்டை இழுத்துக்கொண்டு ஏறினார். வெள்ளம் வந்தது. திட்டு மறைந்தது. பேச்சி ஏறினாளா என்று தெரியவில்லை.

பாலம் சுற்றிப் போனேன். வழியில் அழவில்லை. அழுதால் நடக்க முடியாது.

பள்ளிக்கூட வாசலில் எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள். பேச்சி பாவாடையைப் பிழிந்துகொண்டு நின்றாள். "எய்யா, நீங்க ஏன் நனைஞ்சிருக்கிய?" என்றாள்.

வாத்தியார் என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, 'எழுத்து நிக்க மாட்டேங்கு ஐயா'ன்னு உங்க மக சொல்லிட்டே இருந்தா. 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்'னு அதட்டுனேன். எல்லாரும் சிரிச்சாவ. அவ விடல. 'வந்து பாருங்க, கீறுன இடத்துல தண்ணி வருது'ன்னா. கைய வச்சேன். மணலுக்கு அடியில தண்ணி ஊறி ஏறுது."

மற்ற பிள்ளைகள் ஓர் எழுத்தைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். பேச்சி ஒரே எழுத்தில் நெடுநேரம் கிடப்பாள். அந்த மந்தத்தையே சாமி அன்று கருவியாக எடுத்துக்கொண்டார். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

அதன்பின் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வண்டியில் மணல் கொண்டுபோய்க் கொட்டினேன். சாயங்கால வகுப்பு இப்போது அங்கேதான். மடை அடைத்தால் அக்கரையிலும் தமுக்கு அடிக்கிறோம். பேச்சி அந்த வருஷம் தேறவில்லை. வாத்தியார் பேசி இன்னொரு வருஷம் வாங்கித் தந்தார். அடுத்த வருஷம் தேறினாள். திருவிழாவுக்கு மட்டும் கோயிலுக்குப் போனவன் நான். இப்போது சோமவாரம் தவறுவதில்லை.

பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை என்று நொந்திருப்பவர்கள் குற்றாலநாதரிடம் சொல்லுங்கள். பேசத் தெரிந்திருக்க வேண்டாம். அன்று என் சத்தம் அக்கரைக்கு எட்டவில்லை. அவருக்கு எட்டியது.