ஃபோர்ட்ரானுக்கு முகவரிதான் வேண்டும்

இன்று அந்தமானின் சாத்தம் மர ஆலைப் பக்கம் போனேன். மழையில் நனைந்த மரத்தூள் வாசனை மூக்கில் ஏறியதும் யாசீனின் சனிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. மர ஆலைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். ஆலையை ஒட்டிய துறையில் படகை விட்டு இறங்கி அவன் என் அறைக்கு வரும்போது சட்டையில் அந்த வாசனை ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு மின்னி பே என்ற இடத்தில் ஒற்றை அறை. கடலின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஒப்பந்த வேலை. கணக்குப் போடுவது ஃபோர்ட்ரான் என்ற அந்தக்காலக் கணினி மொழியில் இருந்த பழைய நிரல். அதைக் கவனித்தவன் யாசீன், என் வயதுக்காரன். படம் வரைவது நான் சி மொழியில் எழுதியது. சியில் நான் புலி என்று எனக்கொரு நினைப்பு. இரண்டையும் இணைத்தால் புலி உடனே படுத்துவிடும். நெட் அன்று ஊர்ந்த லட்சணத்தில், அவன் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எதிர்க்கரை பேம்பூஃப்ளாட்டிலிருந்து படகேறி வருவான். வாரம் முழுக்க எனக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள் அவன். அலுவலகத்தில் எல்லாம் இந்தி. என் இந்தி டீ வாங்கவே திணறும்.

ஒரு சனிக்கிழமை என் வரியைப் பார்த்துச் சிரித்தான்.

"அரே யார், மணி ஆறுன்னு மதிப்ப அப்படியே அனுப்பிருக்க. ஃபோர்ட்ரான் அத முகவரின்னு நெனச்சு ஆறாம் நம்பர் வீட்டத் தேடிப் போகுது. அங்க வீடே இல்ல."

"அப்ப என்ன குடுக்கணும்?"

"ஆறு எங்க இருக்கோ, அந்த எடத்தக் குடு. அது போய்ப் பாத்துக்கும்."

முகவரிக்கான ஒரே ஒரு குறியைச் சேர்த்தேன். திரையில் அலைக்கோடு ஏறி இறங்கியது. குதித்தேன். குதித்து முடித்தபோதுதான் உறைத்தது.

"அடுத்த சனிக்கிழம வருவல்ல?"

"காம் முடிஞ்சிருச்சேடா, இனி எனக்கு இங்க என்ன வேல? அத்தாவுக்குக் கடைல ஆள் இல்ல."

பிறகு கடலடியில் கேபிள் வந்தது, நெட் பறந்தது, அவன் மெயின்லேண்டுக்குப் போய்விட்டான். பென்டிரைவோடு படகேறுகிறவர்கள் இப்போது யாரும் இல்லை. போன வாரம் அவனிடம் ஒரு நிரல் கேட்டேன். தேவை ஒன்றுமில்லை, சும்மாதான். டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. போன் பண்ணிக் கேட்க ஏதாவது பிழை அகப்படுமா என்று மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் ஒழுங்காக ஓடியது.